சின்ன மீன்பிடிப் படகுக்கு மாற்று ட்ரோலிங் மோட்டார்: வேலூர் பக்கத்து ஏரி, அணைகளுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

படகின் பலகையில் மாட்டி, பேட்டரியில் ஓட்டும் சின்ன மோட்டாரைத்தான் ட்ரோலிங் மோட்டார் என்கிறோம். பழையது நின்றுபோனதும் எல்லோரும் முதலில் செய்வது போனை எடுத்து விலை பார்ப்பதுதான். 40 பவுண்டு (மோட்டார் தள்ளும் விசையின் அளவு) இவ்வளவு, 55 பவுண்டு இவ்வளவு, கொஞ்சம் சேர்த்துப் போட்டால் பெரியதே வந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டு ஆர்டர் செய்துவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீரில் இறக்கிப் பார்த்தால் வேகம் கூடியிருக்காது, பேட்டரி மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் படுத்துவிடும். படகின் எடை, காற்று, பேட்டரி இந்த மூன்றையும் முதலில் அளந்துவிட்டு, மோட்டாரைக் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் காசு வீணாகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காவேரிப்பாக்கம் ஏரி, குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை, பழைய வடஆற்காட்டில் இருந்து இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணை, இந்த மாதிரி தண்ணீரில் 10 முதல் 14 அடி ஃபைபர் போட்டு வைத்து வலை போடுகிறவர்களையும் தூண்டில் போடுகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன். பரிசலுக்கு இது சரிப்படாது. வட்டமான பரிசலின் ஒரு ஓரத்தில் மோட்டாரை மாட்டினால் நேராகப் போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றும். இன்னொன்று, ஏரியின் மீன்பாசி குத்தகை யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் மோட்டார் போட அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அணை என்றால் அங்கே பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

முதலில்: பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா?

செத்துவிட்டது என்று மூலையில் தூக்கிப் போட்ட மோட்டார்களில் சில நன்றாகத்தான் இருக்கும். பேட்டரியோ ஒயரோ போயிருக்கும், பழி மோட்டார் மேல் விழுந்திருக்கும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

பேட்டரியை முழுக்க சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். மோட்டாரைத் தண்ணீரில் வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டு, அதே நேரத்தில் பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். சடாரென்று 10.5-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிதான் நோயாளி. பேட்டரியில் 12 நின்று, மோட்டார் பக்கத்து முனையில் மட்டும் 10 காட்டினால் நடுவில் இருக்கும் ஒயரும் லக்கும் (ஒயர் நுனியில் இருக்கும் உலோக இணைப்பு) வோல்ட்டைத் தின்றுகொண்டிருக்கின்றன. லக்கைக் கழற்றிப் பாருங்கள், பச்சைப் பூத்திருக்கும்.

பழைய 5 ஸ்பீடு மாடல்களில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு உண்டு. 1, 2, 3, 4-இல் வைத்தால் சத்தமே வராது, 5-இல் வைத்தால் மட்டும் நன்றாக ஓடும். இந்த வகையில் குறைந்த வேகங்களுக்குக் கரன்ட்டு ஒரு ஸ்பீடு காயில் வழியாகப் போகிறது, அந்தக் காயில் எரிந்திருக்கும். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) நன்றாகத்தான் இருக்கும், ஆகவே மோட்டாரைக் குப்பையில் போட வேண்டாம்.

எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். பேட்டரியில் இருந்து இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, ஸ்விட்சை முன்பக்கம் 5-இல் வையுங்கள். புரொப்பல்லரைக் கையால் சுற்றுங்கள், லேசாகச் சுற்றும். இப்போது இரண்டு ஒயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துக்கொண்டு திரும்பச் சுற்றுங்கள். உள்ளே இருப்பது நிலைக்காந்த மோட்டார் என்பதால் அதுவே ஜெனரேட்டர் ஆகி, கைக்குக் கனமாக, பிடித்து இழுப்பது போலத் தெரிய வேண்டும். கனம் தெரிந்தால் உள்ளே சுற்று முழுதாக இருக்கிறது. ஒயரைத் தொட்டாலும் விட்டாலும் ஒரே மாதிரி லேசாகவே சுற்றினால் எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் ஆர்மேச்சருக்குக் கரன்ட்டு கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, அது உரச வேண்டிய கம்யூட்டேட்டர் வளையத்தைத் தொடாமல் நிற்கும். ஸ்விட்சே கெட்டிருந்தாலும் இப்படித்தான் காட்டும். எலக்ட்ரானிக் கண்ட்ரோல் இருக்கும் புது வகைகளில் நடுவில் போர்டு இருப்பதால் இந்தச் சோதனை செல்லாது.

பிரஷ், சீல், ஸ்விட்ச், ஸ்பீடு காயில் இதில் எது போனாலும் ரிப்பேர் செய்வதுதான் லாபம். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையைவிட, கார், லாரி செல்ஃப் மோட்டார் பார்க்கிற ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோங்கள். பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் அவர் கை பழகிய வேலை. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்தில் லேத் பட்டறைகள் இருக்கின்றன, கடைந்து கொடுப்பார்கள். மாற்ற வேண்டிய நிலை எது என்றால், கீழ் உருளையைத் திறந்ததும் துருத் தண்ணீர் கொட்டி, ஆர்மேச்சர் கருகி, காந்தங்கள் துருவேறி உரிந்து நிற்கிறதே, அதுதான். அதைச் சரிசெய்யப் போடும் பணத்தைப் புதியதில் போடுங்கள்.

பழையது எந்த இடத்தில் தோற்றது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தண்ணீர் புகுந்து செத்ததா, பாசியில் சிக்கியா, காற்றுக்கு எதிரில் முக்கி முக்கி எரிந்ததா? புதியதில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இதுதான் ஆதாரம்.

எடையும் காற்றும்

த்ரஸ்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் பவுண்டுக் கணக்கு, மோட்டார் எவ்வளவு விசையோடு தள்ளும் என்பதைச் சொல்கிறது. வேகத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. 12 வோல்ட் மோட்டார்களில் புரொப்பல்லர் சுற்றும் வேகம் எல்லா அளவிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், 40 போட்டாலும் 55 போட்டாலும் சின்னப் படகு மணிக்கு 6, 7 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் போகும். பெரியது எப்போது கைகொடுக்கும் என்றால் சுமை ஏறும்போதும் எதிர்க்காற்று அடிக்கும்போதும்.

கணக்கு சுலபம். ஏற்றிய படகின் மொத்த எடையில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும், அதாவது 45 கிலோவுக்கும், 2 பவுண்டு த்ரஸ்ட் என்பது பொதுவாகச் சொல்லும் குறைந்தபட்சம். ஒரு 12 அடி போட்டை எடுத்துக்கொள்வோம். படகு 130 கிலோ, இரண்டு ஆள் 140, இன்வெர்ட்டருக்குப் போடும் ட்யூபுலர் பேட்டரி 55, நனைந்த வலையும் கல்லும் கயிறுமாக 45, மீன் 60. மொத்தம் 430 கிலோ, சுமார் 950 பவுண்டு. விதிப்படி 19 பவுண்டு த்ரஸ்ட் போதும். ஆனால் அது காற்றில்லாத தண்ணீருக்கு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்தக் காற்றில் காவேரிப்பாக்கம் மாதிரிப் பரந்த ஏரியில் நடுவில் நின்று பார்த்தவர்களுக்கு 19 பவுண்டு எந்த மூலைக்கு என்று தெரியும். அதனால் இரண்டால் பெருக்குங்கள். 38 வருகிறது, எனவே 40 அல்லது 45 பவுண்டு. இந்தப் படகுக்கு 55 எடுத்தால் தப்பில்லை, ஆனால் அவசியமும் இல்லை.

எடை போடும்போது வெறும் படகைப் போடாதீர்கள், மீனோடு திரும்பும் படகைப் போடுங்கள். போகும்போது சுமை குறைவு, பேட்டரி நிறைவு. வரும்போது வலை நனைந்து கனத்திருக்கும், கட்லாவும் ரோகுவும் கூடையில் இருக்கும், பேட்டரி பாதி இறங்கியிருக்கும், வெயில் ஏற ஏற காற்றும் கிளம்பியிருக்கும். மோட்டார் தாங்க வேண்டியது இந்த நேரத்தைத்தான்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இன்னும் நேரான வழி ஒன்று இருக்கிறது. மீன் எடை போடும் கொக்கித் தராசு, 50 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தராசு, அது போதும். நன்றாகக் காற்றடிக்கும் நாளில், காற்று வரும் பக்கத்துக் கரையில் ஒரு மரத்திலோ முளையிலோ கயிற்றைக் கட்டி, நடுவில் தராசை மாட்டி, மறுமுனையைப் படகின் மூக்கில் கட்டுங்கள். எப்போதும் போகிற ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் காற்றைப் பிடிப்பதில் மனித உடம்புக்குப் பெரும் பங்கு உண்டு. காற்று படகைத் தள்ளிக் கயிறு விறைத்ததும் தராசைப் படியுங்கள். மணிக்கு 35 கிலோமீட்டர் காற்றில் இந்த அளவுப் படகுக்கு 8, 9 கிலோ காட்டினால் அது நியாயமான அளவு. 9 கிலோ என்றால் 20 பவுண்டு. அந்த 20 படகை நின்ற இடத்தில் நிறுத்தி வைக்கத்தான் சரியாக இருக்கும், முன்னேறிப் போக அதற்கு மேல் வேண்டும். தராசு காட்டியதை 2.2-ஆல் பெருக்கி, அதை இரட்டிப்பாக்குங்கள். எடைக் கணக்கில் வந்த எண்ணையும் இதையும் பக்கத்தில் வைத்து, எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தராசைப் பத்திரமாக வையுங்கள், புது மோட்டார் வந்ததும் திரும்ப வேலை இருக்கிறது.

பேட்டரி: மோட்டாருக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது

12 வோல்ட்டில் 55 பவுண்டு சுமாருக்குத்தான் நம்பகமான பிரஷ் மோட்டார்கள் கிடைக்கின்றன. 70, 80 பவுண்டு வேண்டுமென்றால் 24 வோல்ட், அதாவது இரண்டு பேட்டரி. 100-க்கு மேல் 36 வோல்ட், மூன்று பேட்டரி. நம் ஏரிப் படகுகளில் இரண்டு ட்யூபுலர் பேட்டரி ஏற்றினால் அதுவே ஒன்றரை ஆள் எடை, அதை இழுக்கவே கணிசமான சக்தி போய்விடும். 14 அடிக்கு உட்பட்ட படகுக்கு 12 வோல்ட்டிலேயே நில்லுங்கள்.

கரன்ட்டுக் கணக்கு: 12 வோல்ட் பிரஷ் மோட்டார் முழு வேகத்தில் இழுக்கும் ஆம்ஸ், ஏறக்குறைய அதன் பவுண்டு எண்தான். 30 பவுண்டு 30 ஆம்ஸ், 40 பவுண்டு 40 ஆம்ஸ், 55 பவுண்டு 50 ஆம்ஸ் சுமார். இது வாங்கும்போதும் கைகொடுக்கும். ஆன்லைனில் பெயர் தெரியாத மோட்டார் ஒன்று 12 வோல்ட், 25 ஆம்ஸ், 60 பவுண்டு என்று போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். 300 வாட்டில் அவ்வளவு தள்ள அந்த அளவுப் புரொப்பல்லரால் முடியாது.

வேலூர் வெயிலுக்கும் கரன்ட்டு கட்டுக்கும் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கிறது, அதனால் முதலில் கை போவது வீட்டில் இருக்கும் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி மேல்தான். அது மோசமான யோசனை இல்லை. ஆழமாக இறங்கி ஏறப் பழகிய தட்டுகள் அதில் இருக்கின்றன. கார் பேட்டரியை மட்டும் போடாதீர்கள், அது ஒரு நொடி ஸ்டார்ட் செய்ய மெல்லிய தட்டுகளோடு செய்தது, சில முறை அடிவரை இறக்கினால் செத்துவிடும்.

ஆனால் 150 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. அந்த எண் 20 மணி நேரத்தில் மெதுவாக, 7.5 ஆம்ஸ் வீதம் எடுத்தால் கிடைப்பது. 40 ஆம்ஸ் வீதம் உறிஞ்சினால் ஈய பேட்டரி 100 சொச்சம்தான் கொடுக்கும். அதையும் அடிவரை இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 60, 65 ஏஹெச்தான் நாம் தைரியமாக எடுக்கக்கூடியது. முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம். நடு வேகத்தில் 12, 15 ஆம்ஸ் மட்டும் இழுத்தால் நான்கைந்து மணி நேரம். படகு விஷயத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே கரன்ட்டு பெருமளவு குறைகிறது, இதைப் பழகிக்கொண்டவர்களுக்கு ஒரே பேட்டரி இரண்டு பேட்டரி வேலை செய்யும்.

ட்யூபுலரில் இன்னும் இரண்டு தொல்லைகள். உயரமான பேட்டரி, படகு ஆடும்போது அதுவும் ஆடும், மூடி வழியே ஆசிட் தெறித்து வலை நைலான் நைந்துபோகும், காலில் பட்டால் புண். ஆகவே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பட்டை போட்டு, படகின் நடுவுக்கு நெருக்கமாகக் கட்டுங்கள். அப்புறம் தினமும் கரையில் இருந்து தூக்கி இறக்க இரண்டு ஆள் வேண்டும். தனியாகப் போகிறவர்களுக்கு இதுவே பெரிய கஷ்டம்.

லித்தியம் பாஸ்பேட் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், பெரிய மோட்டாருக்குப் போடும் பணத்தை இதில் போடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. 100 ஏஹெச் பேட்டரி 12, 13 கிலோதான். அதில் 80, 90 வரை எடுக்கலாம், வேகமாக உறிஞ்சினாலும் அளவு பெரிதாகக் குறையாது, 40 ஆம்ஸில் இரண்டு மணி நேரம் ஓடும். ட்யூபுலரோடு ஒப்பிட்டால் 40 கிலோவுக்கு மேல் எடை குறைகிறது, அது ஒரு பெரிய கூடை மீன். மேலே போட்ட கணக்கில் 430 கிலோ 390-க்குக் கீழே வந்துவிடும், இப்போது 40 பவுண்டு மோட்டாரே தாராளம். பேட்டரியை முதலில் முடிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

லித்தியம் வாங்கும்போது பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு) எத்தனை ஆம்ஸ் என்று கேட்காமல் வாங்காதீர்கள். சோலார் தெருவிளக்குக்கு என்று விற்கும் பேட்டரிகளில் 20, 30 ஆம்ஸ் பிஎம்எஸ்தான் இருக்கும். மோட்டாரை முழு வேகத்துக்குத் திருப்பிய உடனே அது கட் ஆகிவிடும், நடு ஏரியில் காற்றுக்கு எதிரே இருக்கும்போது கட் ஆனால் ஆபத்து. 55 பவுண்டு மோட்டாருக்கு 100 ஆம்ஸ் பிஎம்எஸ் இருக்கட்டும். சார்ஜரும் லித்தியத்துக்கென்று உள்ளதாக இருக்க வேண்டும், வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி ஏற்றாதீர்கள். கத்திரி வெயிலில் படகிலேயே விட்டுவிட்டுப் போகாமல் நிழலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது மோட்டார்

பேட்டரியும் பவுண்டும் முடிவானால் பாதி மாடல்கள் தானாகவே கழிந்துவிடும். மீதியில் பார்க்க வேண்டியவை இவை.

தண்டின் நீளம். எப்போதும் ஏற்றும் சுமையோடு படகைத் தண்ணீரில் நிறுத்தி, பின்பலகையின் மேல்விளிம்பில் இருந்து தண்ணீர் மட்டம் வரை அளவுநாடாவால் அளங்கள். அதோடு 12 அங்குலம் கூட்டுங்கள், புரொப்பல்லரின் நடுப்பகுதி அந்த ஆழத்தில் இருக்க வேண்டும். மேலே பிராக்கெட்டும் தலையும் உட்கார இன்னும் 5 அங்குலம். பலகை தண்ணீருக்கு மேல் 14 அங்குலம் நின்றால் 14, 12, 5, ஆக 31. கடையில் 30, 36, 42 என்று வரும், 36-ஐ எடுங்கள். நீளமானதை, தண்டைப் பிடித்திருக்கும் காலரைத் தளர்த்தி மேலே தூக்கிக்கொள்ளலாம், குட்டையானதை நீட்ட முடியாது. குட்டையாக இருந்தால் அலையில் புரொப்பல்லர் காற்றை விழுங்கும், சத்தம் போடும், தள்ளாது. சித்திரை, வைகாசியில் ஏரி வற்றி முழங்கால் ஆழம் ஆகும்போது தூக்கி மாட்டவும் இந்தக் காலர்தான் உதவும். தண்டு இரும்பா காம்போசிட்டா என்றால் காம்போசிட்தான். மோர்தானா போல அடியில் பாறை இருக்கும் இடத்தில் இரும்புத் தண்டு ஒருமுறை மோதினால் வளையும், காம்போசிட் வளைந்து நிமிர்ந்துகொள்ளும்.

வேகக் கட்டுப்பாடு. 5 முன், 3 பின் என்று கிளிக் கிளிக்காக மாறும் வகை விலை குறைவு, ரிப்பேர் எளிது, ஆனால் குறைந்த வேகத்தில் மீதிக் கரன்ட்டைக் காயிலில் சூடாக்கி வீணடிக்கும். பிடபிள்யூஎம் (கரன்ட்டை வேகவேகமாக விட்டு விட்டுக் கொடுத்துக் குறைக்கும்) முறையில் எந்த வேகத்துக்கும் நகர்த்தும் வகை தேவையான அளவுதான் இழுக்கும். விராலுக்குக் கரையோரமாக மெல்ல ஊர்ந்துபோய்த் தூண்டில் போடுகிறவர்கள், வலையை இழுத்துக்கொண்டே பின்தொடர்கிறவர்கள் பெரும்பாலும் குறைந்த வேகத்தில்தான் இருப்பார்கள், அவர்களுக்கு இந்த இரண்டாவது வகை விலை வித்தியாசத்துக்குத் தகும். இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு முழு வேகத்தில் போய் வருவதுதான் வேலை என்றால் பழைய முறையே போதும், முழு வேகத்தில் இரண்டும் ஒன்றுதான்.

புரொப்பல்லர். ஆகாயத்தாமரையும் வேலம்பாசியும் இல்லாத ஏரி நம் பக்கம் குறைவு. பின்னோக்கிச் சாய்ந்த இரண்டு இதழ் புரொப்பல்லர் பாசியை வழுக்கிவிடும், மூன்று இதழ் இழுவை நன்றாக இருந்தாலும் பாசியைச் சுற்றிக்கொள்ளும். எதை வாங்கினாலும் அதே மாடலுக்கு ஒரு புரொப்பல்லரும், புரொப்பல்லரைத் தண்டோடு பூட்டும் சின்னக் கம்பியான பின் நான்கைந்தும் சேர்த்தே வாங்குங்கள். அந்தப் பின் மென்மையாக இருப்பதே, கல்லில் மோதும்போது அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றத்தான். பின் உடைந்ததும் ஆணியையோ கெட்டியான எஃகுக் கம்பியையோ சொருகினால் அடுத்த மோதலில் ஆர்மேச்சர் தண்டே வளையும்.

உப்புத் தண்ணீர் மாடல், பழவேற்காடு போய்க் கழிமுகத்தில் ஓட்டுகிறவர்களுக்கு வேண்டும். ஏரி, அணைக்கு நன்னீர் மாடல் போதும், கூடுதல் காசு வேண்டாம். ஜிபிஎஸ் வைத்துத் தானாக ஒரே இடத்தில் நிற்கும் மோட்டார்கள் பெரும்பாலும் படகின் மூக்கில் மாட்டுபவை. தூண்டில் ஆட்களுக்கு அருமையான வசதி, வலைக்காரர்களுக்கு நங்கூரக் கல்லே போதும்.

பிராண்டு? மின் கோட்டா 1934-இல் அமெரிக்காவில் ஃபார்கோ ஊரில் தொடங்கியது, மோட்டார்கைடு, ஹாஸ்விங் போன்றவையும் நல்ல பெயர் எடுத்தவை. என்னைக் கேட்டால் பெயரைவிட, சீல், பிரஷ், புரொப்பல்லர் இந்தியாவுக்குள் கிடைக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. விற்பவரிடம் மாடல் எண்ணைச் சொல்லி, சீல் செட் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னையில் இருந்து ஒரே நாளில் வரும் சாமான் இருக்கும் மோட்டார், கப்பலில் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் மோட்டாரைவிட மேல், அது நான்கைந்து பவுண்டு குறைவாக இருந்தாலும் சரி.

ஒயர்

பழைய மோட்டாரின் ஒயரையே புதியதுக்கும் போட்டுவிடுவார்கள். 30 பவுண்டுக்குப் போட்ட 4 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 50 ஆம்ஸ் ஓடவிட்டால், 3 மீட்டர் போய் 3 மீட்டர் திரும்பும் தூரத்துக்கு 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஒயரும் கையைச் சுடும். 16 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் அது 0.3 வோல்ட்தான். வெல்டிங் கேபிள் கடையில் வளைந்து கொடுக்கும் நல்ல செம்புக் கேபிள் கிடைக்கும், அலுமினியம் வேண்டாம். லக்கை அழுத்திப் பொருத்தும் கருவியால் கடையிலேயே பொருத்தி வாங்குங்கள், சுத்தியலால் தட்டி நசுக்குவது நிற்காது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே டிசிக்கான பிரேக்கர் ஒன்று, 40, 45 பவுண்டுக்கு 50 ஆம்ஸ், 55 பவுண்டுக்கு 60 ஆம்ஸ். வீட்டு மெயின் பாக்ஸில் இருக்கும் ஏசி எம்சிபியைக் கொண்டுவந்து மாட்டக் கூடாது, டிசியில் அது பொறியை அணைக்கத் திணறும். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் எலக்ட்ரானிக் மோட்டாரில் போர்டு எரியலாம், எனவே இரண்டு முனைக்கும் வேறு வேறு நிற டேப் சுற்றிவிடுங்கள்.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

பெட்டியைப் பிரித்ததும் காற்றில் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். ஒன்றிரண்டு நொடிக்கு மேல் வேண்டாம், சீலும் புஷ்ஷும் தண்ணீரில் குளிர்ந்துகொண்டே ஓடுவதற்குச் செய்தவை. வீட்டுச் சிமென்ட் தொட்டி விளிம்பில் மாட்டி ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டி, டிசி ஆம்ஸ் காட்டும் கிளாம்ப் மீட்டரால் எவ்வளவு இழுக்கிறது என்று அளங்கள். எல்லாக் கிளாம்ப் மீட்டரும் டிசி காட்டாது, பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் எலக்ட்ரீசியனிடம் கேளுங்கள். அந்த எண்களை மார்க்கரால் மோட்டாரின் தலையிலேயே எழுதி வைத்துவிட்டால், எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது எப்போதும் கண்ணெதிரே இருக்கும்.

அப்புறம் ஏரிக்குக் கொண்டுபோய் அதே கொக்கித் தராசை எடுங்கள். காற்றில்லாத காலை வேளையில், படகின் பின்புறத்துக்கும் கரையில் உள்ள முளைக்கும் நடுவே தராசோடு நீளமான கயிறு கட்டி, இடுப்பளவுக்கு மேல் ஆழமான இடத்தில் முன்னோக்கி முழு வேகத்தில் ஓடவிடுங்கள். கயிறு விறைத்து நிலைத்ததும் தராசு காட்டுவதுதான் உங்கள் மோட்டாரின் உண்மையான த்ரஸ்ட். 40 பவுண்டுக்கு 18 கிலோ, 45-க்கு 20, 55-க்கு 25 கிலோ பக்கம் வர வேண்டும். ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் பரவாயில்லை. 55 என்று வாங்கியது 15 கிலோ காட்டினால் முதலில் ஒயரையும் பேட்டரி வோல்ட்டையும் பாருங்கள், அவை சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால், தராசை வீடியோ எடுத்து, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். "நன்றாகத் தள்ளவில்லை" என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், எண்ணோடு அனுப்பினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் சில நாட்கள் துடுப்பு இல்லாமல் போகாதீர்கள், பிறகும் போகாதீர்கள். உயிர்காப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டே இருங்கள். பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், எதிர்க்காற்றில் திரும்ப வேண்டியிருந்தால் அதற்கும் முன்பே, படகைத் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, புது மோட்டாரை வீணாக்குவதில் முதலிடம் நரம்புக்கு. தூண்டில் நரம்போ செவுள் வலையின் அறுந்த இழையோ புரொப்பல்லருக்குப் பின்னால் போய்த் தண்டில் சுற்றிக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, மோட்டார் வழக்கம்போல ஓடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது சீலுக்குள் அறுத்துக்கொண்டே போய், ஒருநாள் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். வலைப் பக்கம் போய்வந்த ஒவ்வொரு முறையும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், பிறகு நட்டைக் கழற்றி, வாஷரை எடுத்து, புரொப்பல்லரை வெளியே இழுத்து, பின்னை உருவி, புரொப்பல்லர் இருந்த இடத்துக்குப் பின்னால் தண்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். முடி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் கத்தியால் அறுக்காமல், அது சுற்றிய திசைக்கு எதிராக மெல்ல அவிழ்த்து எடுங்கள். பிறகு கழற்றியதற்கு எதிர் வரிசையில் பின், புரொப்பல்லர், வாஷர், நட்டு என்று மாட்டி, நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்று மட்டும் சேர்த்துத் திருகுங்கள்.